மிக்ஸியா, நட்சத்திரமா?

ஒரு காலத்தில் நம் வீடுகளில் தினமும் காலையில் ஒரு சண்டை நடக்கும். ஹாலில் அப்பா ரேடியோவில் செய்தி கேட்டுக்கொண்டிருப்பார். உள்ளே அம்மா சட்னிக்கு மிக்ஸியைப் போடுவார். அவ்வளவுதான்! பிரதமர் என்ன சொன்னார் என்பது 'கர்ர்ர்...' என்று கரைந்துபோகும். "ரெண்டு நிமிஷம் நிறுத்தேன்!" என்று ஹாலிலிருந்து ஒரு குரல். "அப்ப இட்லிக்கு நியூஸைத் தொட்டுக்குங்க!" என்று உள்ளேயிருந்து பதில்.

அந்த 'கர்ர்ர்' எங்கிருந்து வந்தது? மிக்ஸி மோட்டாருக்குள் கார்பன் பிரஷ் என்று ஒரு சின்னத் துண்டு உண்டு. சுழலும் செம்புப் பட்டைகளில் அது உரசிக்கொண்டே இருக்கும். உரசுகிற இடத்தில் குட்டிக் குட்டித் தீப்பொறிகள். பொறி பறந்தால் ரேடியோ அலை பிறக்கும். 1887 வாக்கில் ஜெர்மனியில் ஹெர்ட்ஸ் முதன்முதலாக ரேடியோ அலையை உண்டாக்கிக் காட்டியது பொறியை வைத்துத்தான். மார்க்கோனி கம்பியில்லாத் தந்தி அனுப்பியதும் அப்படித்தான். ஆக, உங்கள் வீட்டு மிக்ஸி ஒரு குட்டி மார்க்கோனி நிலையம். என்ன, அதில் ஒலிபரப்பாவது தேங்காய்ச் சட்னி!

நமக்கு இது ரெண்டு நிமிட எரிச்சல். ஹாம் ரேடியோக்காரர்களுக்கு அப்படியில்லை. லைசென்ஸ் வாங்கி, வீட்டு மாடியில் ஏரியல் கட்டி, முகம் தெரியாத ஆசாமிகளோடு உலகம் பூராவும் பேசுகிறவர்கள் அவர்கள். வேலையற்ற வேலை என்று நினைக்காதீர்கள். 2004 டிசம்பர் 26 அன்று சுனாமி அந்தமானைப் புரட்டிப் போட்டபோது, ஹாம் நிகழ்ச்சிக்காக போர்ட் பிளேருக்குப் போயிருந்த குழுதான் அங்கிருந்து செய்திகளை வெளியே அனுப்பியது. ஆயிரம் கிலோமீட்டர் தாண்டி வரும் அப்படியொரு மெல்லிய குரலின் மேல், பக்கத்து வீட்டு செல்போன் சார்ஜர் ஏறி உட்கார்ந்துகொண்டால் என்ன ஆகும்?

அதனால் ஹாம்கள் இரைச்சலைத் துரத்திப் பிடிப்பார்கள். முதலில் ரேடியோவை பேட்டரியில் ஓடவிட்டு, வீட்டு மெயினை அணைப்பார்கள். இரைச்சல் நின்றதா? திருடன் வீட்டுக்குள்தான். எல்.இ.டி. பல்பு, சார்ஜர், டி.வி. அடாப்டர் என்று ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தால் மாட்டிக்கொள்வான். நிற்கவில்லை என்றால் பாக்கெட் டிரான்சிஸ்டரோடு தெருவில் இறங்கவேண்டும். அதற்குள் ஒரு ஃபெரைட் குச்சி இருக்கும். அதுதான் ஏரியல். டிரான்சிஸ்டரை மெல்லத் திருப்பினால் ஒரு கோணத்தில் இரைச்சல் அமுங்கும். அப்போது குச்சியின் இரண்டு முனைகளில் ஏதோ ஒன்று ஆசாமியைக் காட்டுகிறது. எது என்று நடந்துதான் கண்டுபிடிக்கவேண்டும்.

இதையெல்லாம்விட உசத்தியான கருவி ஒன்று உண்டு. கடிகாரம். எப்போது வருகிறது, எப்போது போகிறது என்று நோட்டில் எழுதிக்கொண்டே வந்தால், மாலை ஆறு மணிக்குத் தொடங்கி விடிந்ததும் அடங்குவது வாசல் விளக்கு என்று தானாகப் புரிந்துவிடும்.

இந்தக் கடிகார வித்தையை ஒருத்தர் பிடிவாதமாகச் செய்ததில், திருடனுக்குப் பதிலாக வேறொன்று அகப்பட்டது. அவர் பெயர் கார்ல் ஜான்ஸ்கி. அமெரிக்காவின் பெல் டெலிபோன் ஆய்வகத்தில் 1928-ல் வேலைக்குச் சேர்ந்த இளைஞர். அதற்கு முந்தைய வருடம்தான் நியூயார்க்குக்கும் லண்டனுக்கும் இடையே ரேடியோ வழியாக டெலிபோன் பேச்சு தொடங்கியிருந்தது. கட்டணம், மூன்று நிமிடத்துக்கு 75 டாலர்! இவ்வளவு காசை வாங்கிக்கொண்டு 'கர்ர்ர்' என்று இரைச்சலைக் கொடுத்தால் வாடிக்கையாளர் சும்மா விடுவாரா? இரைச்சல் எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடிப்பதுதான் ஜான்ஸ்கிக்குக் கொடுத்த வேலை.

நியூ ஜெர்சியில், ஹோம்டெல் என்ற ஊரில், சுமார் 30 மீட்டர் நீளத்துக்கு ஒரு ஏரியல் செய்தார். அதை நான்கு பழைய ஃபோர்டு கார் சக்கரங்களின் மேல் ஏற்றி, 20 நிமிடத்துக்கு ஒரு சுற்று என்று சுற்றவிட்டார். குடைராட்டினம் என்றே அதற்குப் பட்டப்பெயர்! பக்கத்து இடி ஒரு இரைச்சல், தூரத்து இடி இன்னொரு இரைச்சல். இரண்டும் சீக்கிரம் பிடிபட்டன. மூன்றாவதாக ஒன்று, 'உஸ்ஸ்...' என்று விடாமல் கேட்டுக்கொண்டே இருந்தது. 1931 கடைசியில் பார்த்தபோது அது சூரியன் இருந்த திசையிலேயே வந்தது. ஆஹா, சூரியன்தான் என்று அப்போதே எழுதி முடித்திருக்கலாம். ஜான்ஸ்கி முடிக்கவில்லை. ஒரு வருடத்துக்குக் குறித்துக்கொண்டே வந்தார்.

நாளாக ஆக இரைச்சல் சூரியனைவிட்டு விலகிக்கொண்டே போனது. தினம் நான்கு நிமிடம் முன்னதாக வந்தது. மாதத்துக்கு ரெண்டு மணி நேரம். ஒரு வருடத்தில் புறப்பட்ட இடத்துக்கே திரும்பிவிட்டது. மிக்ஸி போடுகிறவர் இருபத்துநாலு மணி நேரக் கணக்கில் எழுந்திருப்பார். 23 மணி 56 நிமிடத்துக்கு ஒருமுறை திரும்பி வருவது யார்? நட்சத்திரங்கள்! தனுசு ராசி இருக்கும் திசையில், நம் பால்வீதியின் நடுப்பகுதியிலிருந்து அந்த 'உஸ்ஸ்' வந்துகொண்டிருந்தது. 1933 மே மாதம் 'நியூயார்க் டைம்ஸ்' முதல் பக்கத்தில் செய்தி போட்டது. கம்பெனி கணக்குப் பார்த்தது. இந்த இரைச்சலால் டெலிபோனுக்குப் பெரிய நஷ்டமில்லை. ஜான்ஸ்கிக்கு வேறு வேலை கொடுத்துவிட்டார்கள். 1950-ல், 44 வயதில் இறந்துபோனார் மனிதர்.

வானியல் அறிஞர்கள்? ஏறக்குறைய யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. திரும்பிப் பார்த்தவர் ஒரு ஹாம். சிகாகோ பக்கம் வீட்டன் என்ற ஊரைச் சேர்ந்த குரோட் ரீபர். அறுபதுக்கு மேற்பட்ட நாட்டுக்காரர்களோடு பேசி முடித்துவிட்டு, இனி யாரோடு பேசுவது என்று யோசித்துக்கொண்டிருந்தவர். 1937 கோடையில், சொந்தக் காசில், வீட்டுக்குப் பக்கத்துக் காலி இடத்தில் 9 மீட்டருக்கு மேல் அகலமான ஒரு கிண்ணத்தை நிறுத்தினார். மழை பெய்தால் கிண்ணத்தின் நடு ஓட்டை வழியாகத் தண்ணீர் கொட்டும். இந்தப் பையன் மழையைப் பிடிக்க மிஷின் கட்டியிருக்கிறான் என்று ஊரில் பேச்சு!

ரீபருக்கும் மிக்ஸிப் பிரச்னைதான். தெருவில் ஒரு கார் போனால் போதும், அதன் ஸ்பார்க் பிளக் பொறி ரீபரின் காகிதச் சுருளில் ஊசி ஊசியாய்க் குத்திவைக்கும். ஊரில் உள்ள கார்களை நிறுத்த முடியுமா? தன் தூக்கத்தை மாற்றிக்கொண்டார். பகலில் ரேடியோ கம்பெனி வேலை. சாப்பிட்டுவிட்டுத் தூக்கம். நள்ளிரவில் எழுந்து, கார்கள் ஓயும் நேரத்தில் வானத்தைக் கேட்பது. 3300 மெகாஹெர்ட்ஸில் ஒன்றுமில்லை. 900-லும் இல்லை. மூன்றாவது முயற்சியில், 160-ல் பால்வீதி கேட்டது. 1944-ல் ரேடியோ அலைகளால் ஆன வானத்தின் வரைபடத்தையே வெளியிட்டார். கிட்டத்தட்ட பத்து வருடம் உலகத்தில் ரேடியோ வானியல் என்றால் அந்த வீட்டுத் தோட்டம்தான்.

அவர் வழியில் வந்த பெரிய கிண்ணங்களில் ஒன்று ஆஸ்திரேலியாவின் பார்க்ஸ். 64 மீட்டர். 2007-ல் அதன் பழைய பதிவுகளில் லோரிமர் என்ற விஞ்ஞானியும் குழுவினரும் ஒரு துடிப்பைக் கண்டார்கள். நம் கேலக்ஸிக்கு வெகு அப்பாலிருந்து வந்தது என்றார்கள். உயர்ந்த அலைவரிசை முதலில், தாழ்ந்தது கொஞ்சம் தாமதமாய் வந்து சேர்ந்ததுதான் அதற்கு ஆதாரம். ஆனால் 1998 முதல் அதே பார்க்ஸில் இன்னொரு துடிப்பும் இதே வேஷத்தோடு வந்துகொண்டிருந்தது தெரியவந்தது. அது கிண்ணத்தின் 13 காதுகளிலும் ஒரே நேரத்தில் கேட்டதால், பூமியிலிருந்துதான் வருகிறது என்று சந்தேகம். அதற்கு 'பெரிட்டான்' என்று பெயர் வைத்தார்கள். பெரிட்டான் என்பது கதைகளில் வரும் சிறகுள்ள மான். அதன் நிழல் மட்டும் மனித நிழலாக விழுமாம்! இப்போது லோரிமரின் துடிப்பும் ஆட்டத்தில் மாட்டிக்கொண்டது. அதுவும் பூமிச் சரக்குதானோ?

மறுபடி கடிகாரம். பெரிட்டான்கள் பகலில் மட்டும் வந்தன. மதியச் சாப்பாட்டு வேளையையொட்டி அதிகம். நட்சத்திரத்துக்கு ஏது லஞ்ச் டைம்? 2014 கடைசியில் கண்காணிப்புக் கருவி ஒன்றைப் பொருத்தினார்கள். 2015 ஜனவரியில் ஒரே வாரத்தில் மூன்று பெரிட்டான்கள். மூன்று முறையும் 2.4 கிகாஹெர்ட்ஸில் ஒரு சத்தம். மைக்ரோவேவ் அடுப்பின் அலைவரிசை! எமிலி பெட்ராஃப் என்ற ஆராய்ச்சி மாணவியும் சகாக்களும் அடுப்பை ஓட்டிப் பார்த்தார்கள். ஒன்றும் வரவில்லை. பிறகு, அடுப்பு ஓடி முடிக்கும் முன்பே கதவைத் திறந்தார்கள். வந்தது பெரிட்டான்! யாரோ சாப்பாட்டைச் சூடு செய்யும்போது பொறுமையில்லாமல் கதவைத் திறந்திருக்கிறார்கள். பதினேழு வருடமாக.

லோரிமர் வகைத் துடிப்புகள் லஞ்ச் டைம் பார்க்கவில்லை. எந்த நேரத்திலும் வந்தன. 2017-ல், அந்த ரகத்தைச் சேர்ந்த ஒன்று புறப்பட்ட கேலக்ஸியையே அடையாளம் கண்டுவிட்டார்கள். தூரம் சுமார் 300 கோடி ஒளியாண்டு. அங்கே யாரும் அடுப்புக் கதவைத் திறந்திருக்க வாய்ப்பில்லை.