சிரிக்கும் பதக்கங்கள்

பதக்கம் என்றதும் நம் நினைவுக்கு வருவது பட்டாளம்தான். மார்பை நிமிர்த்திக்கொண்டு நிற்கும் தளபதி. சட்டையில் வரிசையாகத் தொங்கும் வெள்ளியும் வெண்கலமும். முகத்தில் மருந்துக்குக்கூடச் சிரிப்பு இராது. ஆனால் சிரிப்பதற்காகவே பதக்கம் செய்து அணிந்த ஊர் ஒன்று உண்டு. ஜெர்மனியில், ரைன் நதிக்கரையில் உள்ள கொலோன் நகரம். அந்த வட்டாரத்துப் பழைய எனாமல் பதக்கங்களைத் தேடித் தேடிச் சேர்க்கிறவர்கள் இருக்கிறார்கள்.

ஈஸ்டருக்கு முன்னால் 40 நாள் தவக்காலம். நோன்பு தொடங்குமுன் வயிறாரச் சாப்பிட்டு, வேஷம் கட்டி ஆடித் தீர்த்துவிடுவது ரைன் நாட்டு வழக்கம். 1794-இல் அங்கே பிரெஞ்சுப் படை புகுந்தது; 1815-இல் பிரஷ்ய ஆட்சி வந்தது. பிரஷ்யர்களுக்குச் சீருடை, அணிவகுப்பு, சலாம் எல்லாம் உயிர். கொலோன்காரர்களோ வேடிக்கைப் பிரியர்கள். 1823-இல் ஒரு கமிட்டி அமைத்து, பழைய கூத்தை ஒழுங்கான ஊர்வலமாக்கினார்கள். அதே வருஷம் ‘சிவப்புத் தீப்பொறிகள்’ என்ற விளையாட்டுப் பட்டாளமும் பிறந்தது. கையில் மரத் துப்பாக்கி, அதன் வாயில் பூங்கொத்து! இவர்களுடைய கவாத்து எப்படித் தெரியுமா? இரண்டு வீரர்கள் முதுகோடு முதுகு சேர்ந்து நின்று, பின்புறத்தை உரசிக்கொண்டு ஆடுவார்கள்.

பட்டாளம் என்று வந்துவிட்டால் பதக்கம் வேண்டாமா? அரசர் தரும் விருதைப் பரிகாசம் செய்து, விழாச் சங்கங்களும் பதக்கம் வழங்கத் தொடங்கின. ஒருவரையும் கொல்லாமல், நாலு பேரைச் சிரிக்க வைத்ததற்கு விருது! அதில் மணி கட்டிய கோமாளிக் குல்லாய் இருக்கும். 11 என்ற எண்ணும் இருக்கும். அது அவர்களுக்குக் கோமாளி எண். விழாக்காலம் ஆரம்பிப்பதே நவம்பர் 11-ஆம் தேதி 11 மணி 11 நிமிஷத்துக்குத்தான்.

செம்பு அல்லது பித்தளைத் தகட்டை அச்சில் அழுத்திக் குழி உண்டாக்கி, அதில் வர்ணக் கண்ணாடிப் பொடியை நிரப்புவார்கள். சுமார் 800 டிகிரி உலைச் சூட்டில் பொடி உருகிக் கண்ணாடியாக உறையும். பிறகு தேய்த்து மெருகேற்றுவார்கள். தேர்ந்த சேகரிப்பாளர் நகத்தால் தடவியே தரம் சொல்லிவிடுவார். அசல் எனாமல் உலோகத்தோடு சமமாக, வழுவழுவென்று இருக்கும். மலிவான சாயமோ குழியில் தாழ்ந்து கிடக்கும். அடுத்தபடி அவர் கண் தேடுவது வருஷத்தை.

வருஷ வரிசையில் அடுக்கிக்கொண்டே வந்தால் 1934-இல் கை சற்றுத் தயங்கத்தான் செய்யும். அந்த ஆண்டு கொலோன் ஊர்வலத்தில், யூதர்களைப் போல வேஷம் போட்டவர்களை ஏற்றிக்கொண்டு ஒரு வண்டி போயிற்று. ‘கடைசிப் பேர்வழிகளும் போகிறார்கள்’ என்பது அதன் கேலி வாசகம். 1922-இலேயே யூதர்கள் தங்களுக்கென்று ஒரு விழாச் சங்கம் தொடங்கிக் கூடிச் சிரித்த ஊர் அது! 1935-இல் நாஜிக் கட்சி விழா நிர்வாகத்தைப் பறிக்க வந்தபோது சங்கங்கள் துணிந்து எதிர்த்தன. பக்கத்து வீட்டுக்காரனை அவமதித்த வண்டிக்கு அந்தத் துணிவு வரவில்லை. கார்ல் க்யூப்பர் என்ற மேடை விகடர் மட்டும், ஹிட்லருக்கு வணக்கம் செய்வதுபோல் கையை உயர்த்திவிட்டு, “எங்கள் வீட்டுக் கிடங்கில் குப்பை இவ்வளவு உயரம்!” என்பாராம். 1939-இல் அவர் மேடையேற ஆயுள் முழுவதற்கும் தடை விதித்தார்கள்.

யுத்தம் முடிந்து, 1950-இல் பக்கத்து நகரமான ஆஹனில் ஒரு புதிய விருது தோன்றியது. ‘மிருகத்தனமான முகக்கடுப்புக்கு எதிரான விருது’ என்று பெயர். அதை முதலில் பெற்றவர் யார் தெரியுமா? ஜெயித்த நாட்டைச் சேர்ந்த ஜேம்ஸ் டக்டேல் என்ற பிரிட்டிஷ் அரசாங்க வக்கீல்! சிறையிலிருந்த ஒருவனைத் திருவிழா நாட்களுக்கு வெளியே விட்டாராம், அதற்காக.

நல்ல சேகரிப்பாளர் 1934-ஆம் வருஷத்துப் பதக்கத்தைத் தூக்கி எறிவதில்லை. மற்றவற்றின் நடுவிலேயே வைத்திருக்கிறார். அதுதான் சரி. அரசனைப் பார்த்துச் சிரிக்க வீரம் வேண்டும். அகதியாகப் போகிறவனைப் பார்த்துச் சிரிக்க எதுவுமே வேண்டாம். இரண்டுக்கும் எனாமல் ஒரே மாதிரிதான் பளபளக்கிறது.