வேலையிழப்பிற் பிறந்த விளையாட்டு

தென்கொரியாவிற் கணினி விளையாட்டுப் போட்டிகள் வளர்ந்தமைக்கு இளைஞரது ஓய்வுநேர நாட்டமே காரணமெனல் முழு உண்மையாகாது. 1997ஆம் ஆண்டின் நாணய நெருக்கடியே அதற்குக் களம் அமைத்தது எனலாம். வேலையிழந்தோர் பலர் தமக்குக் கிடைத்த பணிவிலகற் பணத்தைப் 'பிசி பாங்' எனப்படும் கணினிக் கூடங்களில் முதலிட்டனர். மணித்தியாலக் கட்டணம் செலுத்தி விளையாடும் அக்கூடங்களை, 1998இல் அமெரிக்க நிறுவனமொன்று வெளியிட்ட 'ஸ்டார்கிராஃப்ட்' நிரப்பியது. நண்பரிடையே நிகழ்ந்த போட்டி விரைவிலே தொலைக்காட்சிக்கு ஏறியது. 2000இல் பண்பாட்டமைச்சின் அங்கீகாரத்துடன் சங்கமொன்றும் தோன்றியது.

அரசின் போக்கோ விசித்திரமானது. வளர்த்த அதே அரசு, பதினாறு வயதுக்குட்பட்டோர் நள்ளிரவு முதல் காலை 6 மணிவரை இணையவழி விளையாடுவதை 2011இற் தடைசெய்தது. (பள்ளிப்பருவத்திலேயே புகழ்பெற்ற வீரர் பலர் என்பது நோக்கற்பாலது.) அத்தடை 2022 தொடக்கத்தில் நீங்கியது. 2023இல் ஹாங்சோ ஆசிய விளையாட்டு விழாவிலே தங்கம் வென்ற வீரரோ, வழமையான கட்டாயப் படைச்சேவையினின்று விலக்குப்பெற உரியராயினர்.