நெல்லுக்கு நாலு கட்டம்: தமிழ் பிரெய்ல் பிறந்த கதை

தஞ்சாவூர்ப் பக்கத்துக் கிராமப் பள்ளி ஒன்றில் பார்வையற்ற பிள்ளை ‘நெல்’ என்று எழுதுவதாக வைத்துக்கொள்வோம். பிரெய்ல் சிலேட்டுக்குள் கெட்டித் தாளைச் செருகி, ஊசியால் வலமிருந்து இடமாகக் குத்த வேண்டும். தாளைத் திருப்பினால் புள்ளிகள் மேலே எழும்பி, இடமிருந்து வலமாக வாசிக்க வரும். நெல்லுக்கு நாலு கட்டம்: ந, எ, மெய்ப்புள்ளி, ல. அச்சில் நாம் கொம்பைப் போட்டுவிட்டுத்தான் ‘ந’ எழுதுகிறோம். விரலுக்கோ வாய் சொல்லும் வரிசையிலேயே எழுத்து வருகிறது. நாம் கடைசியாக ‘ல’ தலையில் வைக்கும் புள்ளி, இங்கே ல-வுக்கு முன்னாலேயே வந்து நிற்கிறது. என்னைக் கேட்டால், நம் எழுத்தைவிட இதில் ஒழுங்கு அதிகம்.

பிரெய்லின் வேர் பிரான்சில், கூப்வ்ரே என்ற கிராமத்தில் இருக்கிறது. 1809-இல் அங்கே பிறந்த லூயி பிரெய்ல், அப்பாவின் சேணப் பட்டறையில் கூரான கருவி கண்ணில் பட்டு, சிறு வயதிலேயே பார்வையை இழந்தான். ஆனாலும் ஊர்ப் பள்ளியில் மற்றப் பிள்ளைகளோடுதான் உட்கார்ந்தான். காதால் கேட்டே பாடத்தைப் பிடித்துக்கொண்டான்; வாசிக்கவும் எழுதவும்தான் வழியில்லை. 1819-இல் பாரிஸ் பார்வையற்றோர் பள்ளிக்குப் போனால், அங்கே புடைத்த ரோமன் எழுத்துகள். பார்ப்பவர்களுக்குப் பழகிய வடிவம் அது. தடவிப் படிக்க ஆமை வேகம். சார்ல் பார்பியே என்பவர் கொண்டுவந்த 12 புள்ளி முறையோ ஒரு விரல்நுனிக்குள் அடங்கவில்லை. லூயி அதை ஆறாகக் குறைத்தபோது வயது 15. ஆறு புள்ளிக்கு 63 வடிவங்கள் கிடைத்தன.

இனி நம் பக்கத்துக்கு வருவோம். தமிழ்நாட்டில், பாளையங்கோட்டையில் ஆஸ்க்வித் என்ற அம்மையார் 1890-இல் பார்வையற்றோருக்குப் பள்ளி தொடங்கினார். அந்தக் காலத்தில் இந்தியாவில் ஆளுக்கொரு பிரெய்ல். ஒரு பள்ளியில் குத்திய புத்தகம் இன்னொரு பள்ளி விரலுக்குப் புரியாது. இந்தக் குழப்பம் 1951-இல் பாரதி பிரெய்ல் வந்த பிறகுதான் தீர்ந்தது: மொழி எதுவானாலும் ஒரே ஒலிக்கு ஒரே புள்ளிகள். நம் ‘க’வும் இந்தி ‘க’வும் ஆங்கிலக் ‘கே’யும் ஒன்று. ழகரத்துக்கும் தனி இடம் கிடைத்தது, ஐந்து புள்ளிகளோடு.

தஞ்சாவூரில் பார்வைத்திறன் குறையுடையோருக்கென்றே அரசு மேல்நிலைப் பள்ளி இருக்கிறது. ஆனால் இப்படிப்பட்ட பிள்ளைகளை வீட்டுப் பக்கத்துப் பள்ளியிலேயே சேர்ப்பதற்கான மத்திய அரசுத் திட்டம் 1974-இலேயே வந்துவிட்டது. வட்டார வள மையத்திலிருந்து வரும் சிறப்பாசிரியர் பல பள்ளிகளுக்குப் போக வேண்டியவர். அவர் வராத நாளில், அப்படிச் சேர்ந்த பிள்ளை குத்திய தாளை யார் திருத்துவது? வகுப்பாசிரியருக்கு விரல் பழக வேண்டியதில்லை. கண்ணால் பார்த்தே பிரெய்ல் வாசிக்கலாம். அதைக்கூடச் சொல்லித்தராமல் சேர்த்துக்கொண்டோம் என்று மட்டும் கணக்குக் காட்டினால், கூப்வ்ரே பள்ளியைத் தாண்டி நாம் ஓர் அடிகூட வைக்கவில்லை.

மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016, 40 சதவீதமும் அதற்கு மேலும் குறைபாடுள்ள மாணவர்களுக்கு 18 வயதுவரை புத்தகமும் உதவிக் கருவியும் இலவசமாகத் தரச் சொல்கிறது. உங்கள் ஊர்ப் பள்ளியில் அப்படி ஒரு பிள்ளை இருந்தால், அடுத்த பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் எழுந்து கேளுங்கள்: மற்றவர்களுக்குப் பாடப்புத்தகம் கொடுத்த அன்றைக்கே பிரெய்ல் புத்தகமும் வந்ததா?