ஆற்றுப்படுத்துவோர் யார்? சமூகம் நடத்தும் எச்.ஐ.வி. பரிசோதனையில் சகபணியாளரின் இடம்

'கவுன்சலிங்' என்பதற்கு ஆற்றுப்படுத்துதல் என்று பெயரிட்டவர் அச்சொல்லின் முழுப் பொருத்தத்தையும் எண்ணினாரோ இல்லையோ, சொல் நன்றாகவே வாய்த்துவிட்டது. பத்துப்பாட்டில் ஐந்து பாட்டுகள் ஆற்றுப்படைகள். திருமுருகாற்றுப்படையை விலக்கிப் பார்த்தால், மற்ற நான்கிலும் பரிசில் பெற்றுத் திரும்புபவர் எதிரே வரும் தம்மையொத்த இரவலருக்கு வழி சொல்கிறார். பாணருக்குப் பாணர், கூத்தருக்குக் கூத்தர். அந்த வழியைத் தாமே நடந்து வந்தவர் என்பதே அவருடைய தகுதி.

பாலியல் தொழிலாளர், திருநங்கையர், ஆணோடு உறவுகொள்ளும் ஆண்கள், ஊசிவழிப் போதை எடுப்போர் ஆகியோரிடையே எச்.ஐ.வி. பரிசோதனையை அவர்களில் ஒருவரே நடத்துவது இந்த மரபுக்குப் பொருந்தி வருகிறது. களத்தில் அவருக்குப் 'பியர்' என்ற ஒற்றைச் சொல்தான் பெயர். இங்கே சகபணியாளர் என்கிறேன். நம் திட்டங்கள் அவரிடம் ஊசியைக் கொடுத்த அளவுக்கு வழி சொல்லும் உரிமையைக் கொடுக்கவில்லை என்பதே என் வாதம்.

பரிசோதனை என்றாலே எழும் பயத்தின் வேர் சென்னையிலேயே இருக்கிறது. 1986இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் சுனிதி சாலமனின் வழிகாட்டலில் செல்லப்பன் நிர்மலா திரட்டிய ரத்த மாதிரிகளில்தான் இந்தியாவில் எச்.ஐ.வி. முதன்முதலில் தெரியவந்தது. ஆறு பெண்களிடம் கிருமி இருந்தது. அந்தக் கண்டுபிடிப்பின் மதிப்பை யாரும் குறைக்க வேண்டியதில்லை. ஆனால் ரத்தம் கொடுத்தவர்கள் காப்பகத்தில் அடைபட்டிருந்த பாலியல் தொழிலாளர்கள். 'வேண்டாம்' என்று சொல்லக்கூடிய இடத்தில் அவர்கள் இல்லை. பின்னர், தொற்று உறுதியான பெண்கள் தண்டனைக் காலம் முடிந்தும் விடுவிக்கப்படவில்லை. பத்திரிகையாளர் சியாமளா நடராஜ் தொடுத்த பொதுநல வழக்கில் 1990இல் சென்னை உயர் நீதிமன்றம் தலையிட வேண்டியிருந்தது. 2018 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்த எச்.ஐ.வி., எய்ட்ஸ் தடுப்புச் சட்டம் பரிசோதனைக்கு ஒப்புதலையும் ரகசியக் காப்பையும் கட்டாயமாக்கிவிட்டது. ஆனாலும் பயம் அரசிதழ் படிப்பதில்லை. 'ரத்தம் எடுத்தால் பிடித்து வைத்துக்கொள்வார்கள்' என்ற நினைப்பை உடைக்க, ரத்தம் எடுப்பவர் யார் என்பது முக்கியமாகிறது.

அந்தப் பரிசோதனையைச் சற்று அருகில் பார்ப்போம். விரல் நுனியைப் பஞ்சால் துடைத்து, லான்செட்டால் குத்தி, முதல் துளியைத் துடைத்துவிட்டு அடுத்த துளியைப் பட்டையின் குழியில் விட வேண்டும். மேலே கரைசலைச் சொட்டிவிட்டால் கைக்கு வேலை முடிந்தது. பிறகு பதினைந்து, இருபது நிமிடம் காத்திருக்க வேண்டும். மருத்துவமனையில் இந்த நேரம் பெஞ்சில் கழியும். வந்தவர் கூரையைப் பார்த்துக்கொண்டிருப்பார். டிராப்-இன் சென்டரின் பாயில் எதிரே உட்கார்ந்திருப்பவர் அதே தெருமுனையில் நின்றவர், அதே போலீஸ்காரரிடம் அடி வாங்கியவர். 'போன வாரம் ஆணுறை கிழிஞ்சுதுன்னியே, அது என்னாச்சு?' என்று கேட்க அவரால் மட்டுமே முடியும். இந்தக் கேள்வியிலிருந்து, தொற்று இருந்தும் சோதனையில் தெரியாத தொடக்க நாட்களான விண்டோ பீரியட் பற்றிய பேச்சு தானாகப் பிறக்கிறது. அச்சடித்த படிவத்தை வாசித்துக்காட்டி எந்த ஆலோசகரும் அங்கே போய்ச் சேர முடியாது.

மருத்துவப் பயிற்சி இல்லாதவர் பரிசோதித்தால் தரம் கெடும் என்ற எதிர்ப்பு இன்று வலுவிழந்துவிட்டது. பயிற்சி பெற்ற சாதாரணப் பணியாளர்கள் விரைவுப் பரிசோதனையைப் பாதுகாப்பாகச் செய்ய முடியும் என்று உலக சுகாதார நிறுவனம் 2015இலேயே பரிந்துரைத்தது. தவிர, களத்தில் செய்வது முதற்கட்டச் சோதனை மட்டுமே. பட்டை 'ரியாக்டிவ்' காட்டினால், தமிழ்நாட்டில் நம்பிக்கை மையம் என்றழைக்கப்படும் அரசுப் பரிசோதனை மையத்தில்தான் முடிவு உறுதியாகும்.

இதைவிடக் கனமான கேள்வியை எழுப்புவது இந்தியாவிலேயே நடந்த ஓர் ஆய்வு. ஊசிவழிப் போதை எடுப்போர், ஆணோடு உறவுகொள்ளும் ஆண்கள் ஆகியோருக்காக 22 இடங்களைத் தேர்ந்து, பாதி இடங்களில் எல்லாச் சேவையும் ஒரே கூரையின்கீழ் கிடைக்கும் மையங்களை நடத்திப் பார்த்தார்கள். முடிவு 2019இல் 'லான்செட் எச்.ஐ.வி.' இதழில் வெளிவந்தது. மையங்கள் இருந்த இடங்களில் பரிசோதனை 31 விழுக்காடு கூடுதல். ஆனால் புள்ளியியல் கணக்கின் நம்பிக்கை இடைவெளி, வேறுபாடே இல்லை என்ற சாத்தியத்தையும் விட்டுவைக்கும் அளவுக்கு அகலம். மையத்தை எட்டியவர்கள் குறைவு என்பதே இதற்குக் காரணமாகக் கருதப்பட்டது. நல்ல மையத்தைத் திறந்து வைத்தால் மக்கள் தாமாக வந்துவிடுவார்கள் என்று எண்ணுவோருக்கு இந்த ஆய்வை நீட்டுவேன்.

ஆற்றுப்படை மரபிலிருந்து இந்தப் பணி விலகும் இடமும் இதுதான். பாணர் மன்னன் ஊருக்கு வழி சொல்லிவிட்டுத் தம் வழியே போய்விடலாம். பரிந்துரைச் சீட்டு ஒன்றை எழுதிக் கையில் கொடுப்பதும் அப்படிப்பட்ட வேலைதான். 'ரியாக்டிவ்' என்று கேட்டவருக்கு அந்தச் சீட்டு மடித்து மார்புக்குள் வைத்துக்கொள்ளும் காகிதம் மட்டுமே. உடன் பஸ் ஏறி, சீட்டு வரிசையில் நின்று, உறுதிச் சோதனை முடிந்து, எச்.ஐ.வி. சிகிச்சை தரும் ஏ.ஆர்.டி. மையத்தில் மாத்திரை கைக்கு வரும்வரை கூட இருப்பவரால்தான் சிகிச்சை தொடங்குகிறது.

நெருக்கத்துக்கு மறுபக்கமும் உண்டு. தன் முடிவு தன் தெருவுக்கே தெரிந்துவிடும் என்று அஞ்சுபவருக்குச் சகபணியாளரே தடை. சிலருக்கு முகமறியாத அரசு ஊழியரே பாதுகாப்பு. இதற்கு விடை சகபணியாளரை நீக்குவதில் இல்லை. வேறொரு பகுதியின் சகபணியாளர், நம்பிக்கை மையம், 2016இல் உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைத்த சுயபரிசோதனை என்று தேர்வுகளைத் திறந்து வைப்பதில் இருக்கிறது. எதைத் தேர்வது என்ற முடிவு பரிசோதிக்கப்படுபவருடையதாக இருக்க வேண்டும்.

சமூகம் தலைமையேற்கும் அமைப்புகள் பரிசோதனை, சிகிச்சைச் சேவைகளில் 30 விழுக்காட்டை வழங்க வேண்டும் என்று 2021இல் ஐ.நா. பொதுச்சபையில் நாடுகள் இலக்கு வைத்தன. தலைமை என்ற சொல்லை அவர்கள் அறிந்தே எழுதியிருப்பார்கள் என்று நம்புவோம். நம் திட்டங்களில் சுமார் அறுபது பேருக்கு ஒரு சகபணியாளர். அவருக்குக் கிடைப்பது சம்பளம் அல்ல, மதிப்பூதியம். ஆலோசகர் பதவிக்குப் பட்டம் வேண்டும் என்பதால், எத்தனை ஆண்டு உழைத்தாலும் அந்த நாற்காலி அவருக்கு எட்டுவதில்லை. களத்தில் ஈட்டிய அறிவைத் தகுதியாக ஏற்றுப் பயிற்சியும் பதவியும் தருவதே முதல் சீர்திருத்தம். சோதனை எண்ணிக்கையை விட்டு, ஆறு மாதம் கழித்துத் தாமாக மறுசோதனைக்கு வந்தவர்களை எண்ணத் தொடங்குவது இரண்டாவது. இன்றைய நிலையில், பயந்து போய் மூன்று முறை பாதி வழியில் திரும்பிய ஒருவரை நான்காம் முறை ஏ.ஆர்.டி. மையத்துக்குள் கூட்டிப்போய் உட்கார வைத்தாலும், மாதாந்தர அறிக்கையில் அது '1'.