இரண்டாம் விடுதலை – 17: ஒன்பதாம் பிளாக்

1977 மார்ச் தேர்தலை இந்த வாரம் சொல்லி முடிப்பதாக வாக்குக் கொடுத்திருந்தேன். குறுக்கே படப்பையிலிருந்து ஒரு வாசகரின் கடிதம் வந்து நிற்கிறது. ஒரகடம் தொழிற்சாலை ஒன்றில் ஷிப்டு வேலை பார்க்கும் இளைஞர். "எலெக்‌ஷன் வந்தா மேடைக்கு மேடை மிசா, மிசான்னு முழங்குறாங்க. எங்க வெச்சு அடிச்சாங்க, அடிச்சதை யாராவது விசாரிச்சாங்களா, அதை மட்டும் சொல்ல மாட்டேங்கிறாங்க சார்" என்கிறார். நாலு வரிக் கேள்விதான். பதில் எங்கே கொண்டுபோய் விடும் என்று பார்ப்போம்.

நெருக்கடி நிலை வந்த கதை, 1976 ஜனவரி 31 அன்று கருணாநிதி ஆட்சி கலைக்கப்பட்ட கதையெல்லாம் உங்களுக்குத் தெரியும். நேரே சிறைக்குள் போவோம்.

அடித்த இடம் சென்னை மத்திய சிறை. சென்ட்ரல் ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் இருந்தது. இன்று தேடிப் போனால் கிடைக்காது. கைதிகளைப் புழலுக்கு மாற்றி, 2009இல் இடித்துவிட்டார்கள். அதில் ஒன்பதாம் பிளாக் என்பது தொழுநோய்க் கைதிகள் இருந்த கொட்டடி. அவர்களை வெளியே எடுத்துவிட்டு, அதே அறைகளில், விசாரணையில்லாமல் சிறைவைக்கும் மிசா சட்டத்தில் பிடிபட்டவர்களைப் போட்டு அடைத்தார்கள். பிப்ரவரி 2 இரவு வார்டர்கள் லத்தியோடு உள்ளே வந்தார்கள். துணைக்கு ஆயுள் தண்டனைக் கைதிகள் வேறு. எதையும் கேட்கவில்லை, விசாரிக்கவில்லை. அடித்தார்கள். ஆற்காடு வீராசாமியின் காது கெட்டது அங்கேதான். திராவிடர் கழகத்தின் வீரமணியும் அந்த அடிக்குத் தப்பவில்லை.

அன்றைக்கு உள்ளே இருந்தவர்களில் இரண்டு பேரைச் சொல்ல வேண்டும். ஒருவர் மு.க.ஸ்டாலின். 23 வயது நிரம்பவில்லை, கல்யாணமாகி ஆறு மாதம்கூட ஆகவில்லை. இன்னொருவர் சிட்டிபாபு. சென்னை மேயராக இருந்தவர், அப்போது செங்கல்பட்டு எம்.பி. படப்பையும் அந்தக் காலத்தில் செங்கல்பட்டு மாவட்டம்தான் என்பதை வாசகருக்கு நினைவுபடுத்துகிறேன். ஸ்டாலின் மேல் விழ வேண்டிய அடிகளைக் குறுக்கே பாய்ந்து தன் உடம்பில் வாங்கிக்கொண்டவர் சிட்டிபாபு. அவர் சிறையில் எழுதிய டைரி பின்னால் புத்தகமாக வந்தது. அவர் அதைப் பார்க்கவில்லை. 1977 ஜனவரியில், தேர்தல் அறிவிப்பு வருவதற்குச் சில நாள் முன்பு, இறந்துபோனார். மேடைகளில் அவர் பெயர் இன்னொருவர் கதைக்குத் துணைப் பாத்திரமாகவே வருகிறது. அது அநியாயம்.

யார் யார் உள்ளே போனார்கள் என்பதைப் பத்திரிகையில் போட முடியாது, தணிக்கை. கருணாநிதி அதற்கு ஒரு வழி கண்டுபிடித்தார். பிப்ரவரி 3 அண்ணா நினைவு நாள். அண்ணா சதுக்கத்துக்கு மலர்வளையம் வைக்க வர இயலாதவர்கள் என்று முரசொலியில் மாவட்டவாரியாக ஒரு பட்டியல் போட்டார். ஏன் வர இயலவில்லை என்று ஒரு வார்த்தை இல்லை. தமிழ்நாடு முழுக்கப் புரிந்துகொண்டது. அவருடைய அரசியலில் எனக்கு ஆயிரம் சண்டை உண்டு. அந்த ஒரு பட்டியலுக்காக அவரை மன்னிக்கலாம் என்று தோன்றும்.

அடித்ததை விசாரித்தவர் நீதிபதி மு.மு.இஸ்மாயில். நாகூர்க்காரர். பகலில் உயர் நீதிமன்றம், சாயங்காலமானால் கம்பன். வாலியை மறைந்து நின்று கொன்றது முறையா என்று மேடை மேடையாக அலசிய மனிதர், கைதிகளைப் பூட்டிவைத்து இருட்டில் அடித்ததை விசாரிக்க உட்கார்ந்தார். அடி விழுந்தது உண்மை என்று அறிக்கை எழுதினார், சிறை அதிகாரிகளைக் கண்டித்தார். பிறகு உயர் நீதிமன்றத் தலைமை நீதிபதி ஆனார். 1981இல் கேரளத்துக்கு மாற்றியபோது, போக மாட்டேன் என்று பதவியை வீசிவிட்டு வீட்டுக்குப் போனார். இந்தத் தொடரில் என் கதாநாயகன் அவர்தான்.

இலக்கியக்காரர் ஒருவர் விசாரிக்க உட்கார்ந்தது இங்கே மட்டுமில்லை. அர்ஜென்டினாவிலும் ராணுவ ஆட்சி 1983இல் முடிந்ததும், காணாமல்போனவர்களைப் பற்றி விசாரிக்க எர்னஸ்டோ சபாட்டோ என்ற நாவலாசிரியர் தலைமையில்தான் ஆணையம் போட்டார்கள். அந்த அறிக்கையைக் கையில் வைத்துக்கொண்டு 1985இல் தளபதிகளைக் கூண்டில் ஏற்றினார்கள்; ராணுவ ஆட்சிக்குத் தலைமை வகித்த விடேலாவுக்கு ஆயுள் தண்டனை கிடைத்தது. நம் கதை வேறு. நெருக்கடி நிலை அத்துமீறல்களை விசாரிக்க டெல்லியில் போட்ட ஷா கமிஷன் முன்னால் இந்திரா காந்தி சத்தியப் பிரமாணம் செய்யவே மறுத்தார். 1980இல் அவர் திரும்பி வந்ததும் அந்தக் கமிஷனின் அறிக்கை கண்ணிலேயே படாமல் போனது. தன்னிடமிருந்த பிரதியை வைத்து 2010இல் அதை மறுபடி அச்சுக்குக் கொண்டுவந்தவர் நம் இரா.செழியன். ஒரு காலத்தில் நாடாளுமன்றத்தில் இருந்தவர்; அன்று எம்.பி.யும் இல்லை, வயது 87.

கொடுத்த பக்கம் முடியப்போகிறது. தேர்தலை ஒரே பத்தியில் சொல்லிவிடுகிறேன். வடக்கே காங்கிரஸ் துடைத்தெறியப்பட்டது, ரேபரேலியில் இந்திராவே தோற்றார். தமிழ்நாட்டில் நேர்மாறு. நெருக்கடி நிலையை ஆதரித்து, அந்தக் காலத்திலேயே கட்சிப் பெயருக்கு முன்னால் 'அனைத்திந்திய' சேர்த்துக்கொண்ட எம்.ஜி.ஆர்., காங்கிரஸோடும் இந்திய கம்யூனிஸ்டோடும் கூட்டணி வைத்து 39இல் 34 தொகுதிகளை அள்ளினார். அடிபட்ட தி.மு.க.வுக்குக் கிடைத்தது 2. ஜூனில் எம்.ஜி.ஆர். முதல்வர். அடக்குமுறையை மக்கள் மன்னித்தார்கள் என்பார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. ஒன்பதாம் பிளாக்கில் நடந்தது, தணிக்கையால், ஓட்டுப் போட்டவர்களில் பெரும்பாலோர் காதுக்கே போயிருக்காது என்று நினைக்கிறேன். தி.மு.க. ஆட்சி மீதிருந்த ஊழல் கோபம் மட்டும் தடையில்லாமல் ஊர் ஊராகப் போனது.

வாசகருக்கு இன்னொரு கணக்கும் பாக்கி இருக்கிறது. டெல்லியில் ஜனநாயகம் 1977இல் திரும்பிவிட்டது. ஊருக்குள் திரும்பவில்லை. 1970இல் ஓட்டுப் போட்ட தமிழ்நாட்டு ஊராட்சிகளுக்கு அடுத்த தேர்தல் 1986இல்தான் வந்தது. எமர்ஜென்சி போய் ஒன்பது வருஷம், பெரும்பாலும் எம்.ஜி.ஆர். ஆட்சி. அதோடு முடிந்ததா என்றால், இல்லை. 2016இல் பதவிக்காலம் முடிந்த காஞ்சிபுரம் மாவட்ட ஊராட்சிகள், படப்பை உட்பட, மறுபடி ஓட்டுப் போட்டது 2021 அக்டோபரில். அந்த ஐந்து வருஷமும் ஊராட்சியைத் தனி அலுவலர்தான் பார்த்தார்.