பிரேக் இல்லாத வண்டிக்கு எத்தனை வண்ணம்!

2021 ஆகஸ்டு 8. தோக்கியோ ஒலிம்பிக்கின் கடைசி நாள். இசு சைக்கிள் அரங்கில் ஆடவர் கேரின் இறுதிப் போட்டி. திரங்கானு மாநிலம் டுங்குனைச் சேர்ந்த அசிசுல்ஹஸ்னி அவாங் அன்று வெள்ளிப் பதக்கம் வென்றதை மலேசியர்கள் மறந்திருக்க மாட்டார்கள். ஆனால், அவர் ஓட்டிய சைக்கிளை எத்தனை பேர் கவனித்தார்கள்? அதில் கியர் மாற்றும் கருவி இல்லை. பிரேக்கும் இல்லை. மிதிப்பதை நிறுத்திவிட்டு வண்டியைச் சும்மா உருளவிடவும் முடியாது.

இந்த வகைச் சைக்கிளை 'பிக்ஸட் கியர்' என்பார்கள். இளைஞர்கள் மத்தியில் 'பிக்ஸி'. குழந்தைகள் ஓட்டும் மூன்று சக்கர வண்டியை நினைத்துப் பாருங்கள். சக்கரம் சுற்றும் வரை பெடலும் சுற்றும். பெடலை நிறுத்தினால் சக்கரமும் நின்றுவிடும். பிக்ஸியிலும் அதே கதைதான். சங்கிலி ஒன்று கூடுதலாக இருக்கிறது, அவ்வளவுதான். வேகத்தைக் குறைக்க வேண்டுமானால் பெடலின் சுழற்சியைக் காலால் எதிர்த்து அழுத்த வேண்டும்.

பந்தயத் திடலுக்காகச் செய்யப்பட்ட இந்த வண்டி சாலைக்கு வந்து, நீலம், இளஞ்சிவப்பு, தங்கம் என்று வண்ணம் பூசிக்கொண்டது எப்படி? விடை தேடினால் போரில் நொந்துபோன ஜப்பானுக்குப் போக வேண்டியிருக்கிறது.

சூதாட்டம் வகுத்த விதி

கியூஷு தீவில் உள்ள கோக்குரா நகரம், 1945 ஆகஸ்டு 9-ஆம் தேதி அணுகுண்டுக்கு இலக்காகக் குறிக்கப்பட்டிருந்தது. மேகமும் புகையும் மறைத்ததால் விமானம் நாகசாகிக்குத் திரும்பியது. அந்தக் கோக்குராவில்தான் 1948 நவம்பரில் முதல் கேரின் பந்தயம் நடந்தது. ஊரைத் திரும்பக் கட்ட நகராட்சிகளுக்குப் பணம் வேண்டும். சைக்கிள் தொழிலும் தலையெடுக்க வேண்டும். ஆகவே, மக்கள் சட்டப்படி பணம் கட்டி ஆடும் பந்தயமாகக் கேரின் தொடங்கப்பட்டது.

பணம் கட்டுகிறவனுக்கு முதலில் என்ன வேண்டும்? நம்பிக்கை. ஒருவன் விலையுயர்ந்த சைக்கிளால் வென்றான் என்ற பேச்சு எழுந்தால் பந்தயம் படுத்துவிடும். 1957-இல் ஏற்படுத்தப்பட்ட ஜப்பான் சைக்கிள் மேம்பாட்டுச் சங்கம் இந்தச் சந்தேகத்துக்கு இடம் வைக்கவில்லை. பிரேம், ஹப், ரிம், பெடல், சங்கிலி, ஹேண்டல் பார் என ஒவ்வொரு பாகமும் சங்கத்தின் சோதனையில் தேற வேண்டும். தேறிய பாகத்தில் அதன் பெயரின் முதல் எழுத்துகளான 'என்.ஜே.எஸ்.' முத்திரை பதிக்கப்படும். முத்திரை இல்லாத பாகம் திடலுக்குள் நுழைய முடியாது. உலகம் கார்பன் இழைக்கு மாறிய பிறகும் ஜப்பானின் ஆடவர் கேரின் இரும்புக் குழாய்ப் பிரேமை விடவில்லை.

வீரர்களின் சட்டை நிறம்கூட விதிப்படிதான். 1-ஆம் எண்ணுக்கு வெள்ளை, 2-க்குக் கறுப்பு, 3-க்குச் சிவப்பு என்று வரிசை போய் 9-க்கு ஊதாவில் முடிகிறது. கூட்டத்தின் கடைசி வரிசையில் நிற்பவரும் தம் பணம் எந்த முதுகில் ஓடுகிறது என்று பார்த்துக்கொள்ளலாம்!

இத்தனை கட்டுப்பாட்டுக்கு நடுவே வீரருக்கு ஒரு சுதந்திரம் இருந்தது. பிரேமை அவர் உடல் அளவுக்கு ஏற்பக் கைவினைஞர் ஒருவர் செய்து கொடுப்பார். அதற்கு என்ன வண்ணம் என்பது வீரரின் விருப்பம். 1977 முதல் 1986 வரை தொடர்ந்து பத்து முறை உலக விரைவோட்டப் பட்டம் வென்ற கோய்ச்சி நக்கானோவுக்குப் பிரேம் செய்து தந்தவர் யொஷியாக்கி நாகசாவா. இத்தாலியில் தொழில் பழகி வந்தவர். பிற்காலத்தில் பழைய கேரின் பிரேம்களைத் தேடி அலைந்த இளைஞர்கள் முதலில் கேட்ட பெயர்களில் அவருடையதும் ஒன்று.

நியூயார்க் தெருவில்

1980-களில் நியூயார்க்கில் கடிதமும் ஆவணமும் கொண்டு சென்ற சைக்கிள் தூதர்களில் சிலர் திடல் சைக்கிள்களைச் சாலைக்குக் கொண்டுவந்தார்கள். அழகுக்காக அல்ல. கியர் இல்லை, கேபிள் இல்லை. பழுதாகும் பாகங்கள் குறைவு. பிரேமைச் சுற்றி நாடாவையும் பழைய டியூபையும் கட்டி, திருடன் கண்ணில் படாதபடி அவலட்சணமாக்கி வைத்தவர்களும் உண்டு. தூதர் வேலை பார்த்த நெல்சன் வெயில்ஸ் 1984 லாஸ் ஏஞ்சலிஸ் ஒலிம்பிக்கில் விரைவோட்ட வெள்ளிப் பதக்கமே வென்றார். மூன்று ஆண்டுகள் கழித்து, மேயர் எட் கோச் நகரின் மூன்று பெரிய அவென்யூக்களின் நடுப்பகுதியில் பகல் நேரத்தில் சைக்கிளே கூடாது என்றார். தூதர்கள் திரண்டு எதிர்த்தார்கள். தடை நீதிமன்றத்தில் நிற்கவில்லை.

பிழைப்புக்காக ஓட்டியவர்களைப் பார்த்துப் பொழுதுபோக்குக்காக ஓட்டுபவர்கள் வந்தார்கள். 2000-களின் நடுப்பகுதியில் தோக்கியோ, சான் பிரான்சிஸ்கோ, லண்டன் என்று மோகம் பரவியது. 2009 வாக்கில் ஜகார்த்தா, பண்டுங் சாலைகளிலும் வண்ண வண்ணமாக பிக்ஸிகள் ஓடின. கேரின் வீரர்கள் கழித்துப்போட்ட பிரேம்கள் கடல் கடந்து விலைபோயின. சூதாடிகளின் சந்தேகத்தைத் தீர்க்கப் பதித்த முத்திரை, நாகரிகத்தின் அடையாளமாகிவிட்டது. எல்லாரும் ஒரே மாதிரி ஓட்ட வேண்டும் என்று செய்த பாகத்தை, தான் தனி ரகம் என்று காட்டுவதற்காக வாங்கினார்கள். வேடிக்கைதான்.

வண்ணம் மாற்றும் ஆசைக்குப் பிக்ஸி இவ்வளவு இடம் கொடுத்ததற்குக் காரணம், அதில் இருக்கும் பாகங்கள் குறைவு என்பதே. குறைவாக இருப்பதால் ஒவ்வொன்றும் கண்ணில் படுகிறது. அலுமினிய ஹப்புக்கும் ரிம்முக்கும் சாதாரணப் பெயிண்ட் அடிப்பதில்லை. அமிலக் கரைசலில் மின்சாரம் செலுத்தினால் அலுமினியத்தின் மேல் நுண்துளைகள் கொண்ட படலம் உருவாகும். அந்தத் துளைகள் சாயத்தைக் குடித்துக்கொள்ளும். அதனால்தான் அந்த மினுமினுப்பு. இரும்புப் பிரேமுக்கு அது நடக்காது. பெயிண்ட் அடிக்க வேண்டும், அல்லது பொடிப் பூச்சைச் சூட்டில் உருக்கி ஒட்டவைக்க வேண்டும். ஆழமான விளிம்புள்ள ரிம்கள் விரும்பப்பட்டதற்கும் இதுவே காரணம். நிறம் காட்ட அதில் இடம் அதிகம்.

கண்ணுக்குத் தெரியாத தேர்வு ஒன்றும் உண்டு. முன்னால் 48 பல், பின்னால் 16 பல் வைத்தால் பெடல் ஒரு சுற்று சுற்றும்போது சக்கரம் சரியாக மூன்று சுற்று. ஓட்டுபவர் எப்போதும் ஒரே காலை முன்வைத்துச் சக்கரத்தைப் பூட்டிச் சறுக்கி நிறுத்தினால், டயரின் ஒரே இடம் தேய்ந்துகொண்டே போகும். முன்னால் ஒரே ஒரு பல்லைக் குறைத்து 47 ஆக்கினால் தேய்மானம் 16 இடங்களுக்குப் பிரிந்துவிடும். வண்ண டயருக்கு ஆசைப்படுபவர்கள் இந்தக் கணக்கை முதலில் போட வேண்டும். டயருக்குக் கறுப்பைத் தரும் கார்பன் துகள்தான் தேயாத உறுதியையும் தருகிறது.

சறுக்கி நிறுத்துவது என்ற இடத்தில்தான் விவகாரம் தொடங்குகிறது. திடலில் எல்லாரும் ஒரே திசையில் ஓடுகிறார்கள். எதிரே லாரி வராது, குழந்தை குறுக்கே ஓடாது. அங்கே பிரேக் இல்லாததே பாதுகாப்பு; முன்னால் போகிறவர் சட்டென்று நிற்க மாட்டார். அந்த வெறுமையை அழகு என்று எண்ணிச் சாலைக்குக் கொண்டுவந்ததுதான் தவறு. சக்கரம் பூட்டிச் சறுக்கும்போது வண்டி உடனே நிற்பதில்லை. நிறுத்தும் வலிமை முன் சக்கரப் பிரேக்கில்தான் அதிகம்.

ஜப்பானில் சாலைச் சைக்கிளுக்கு முன்னும் பின்னும் பிரேக் வேண்டும் என்பது சட்டம். 2013 டிசம்பரில் நடப்புக்கு வந்த திருத்தம், பிரேக் இல்லாத வண்டிகளை நிறுத்திச் சோதிக்கக் காவல்துறைக்கு அதிகாரம் தந்தது. லண்டனில் 2016-இல் முன் பிரேக் இல்லாத பிக்ஸி மோதிப் பாதசாரி ஒருவர் உயிரிழந்தார். மறு ஆண்டு ஓட்டியவருக்கு 18 மாதச் சிறை. பொருத்தமான வேறு சட்டம் இல்லாமல், குதிரை வண்டிக் காலத்து 1861-ஆம் ஆண்டுச் சட்டத்தைத்தான் எடுக்க வேண்டியிருந்தது. சிங்கப்பூரில் 2021 முதல் பொதுப் பாதைகளில் ஓடும் சைக்கிளுக்கு ஒரு கைப் பிரேக்காவது கட்டாயம்.

முத்திரை பதித்த பழைய கேரின் பிரேமை வாங்கியவருக்கு இதில் சங்கடம் உண்டு. அதன் முன் கவட்டில் பிரேக் மாட்டத் துளையே இருக்காது. சிலர் துளை போடுகிறார்கள். மனம் வராதவர்கள் பழைய கவட்டைக் கழற்றி வீட்டில் பத்திரப்படுத்திவிட்டு, துளையுள்ள வேறொன்றை வாங்கி, பிரேமின் வண்ணத்திலேயே பெயிண்ட் அடித்து மாட்டிக்கொள்கிறார்கள்.