வாடகைக்கு வந்த சக்கரம்

2017ஆம் ஆண்டு ஜூலை மாதம் டென்மார்க்கின் பெரிய பெல்ற் நீரிணையால் ‘டிமித்ரி டொன்ஸ்கோய்’ என்னும் ரஷ்ய அணுசக்தி நீர்மூழ்கி போனது. ஏறத்தாழ 175 மீற்றர் நீளம். எல்லோரும் பார்க்கத்தக்கதாக நீர்மட்டத்தில், பாலத்தின் கீழால் போனது. கரையில் சனம் கமராவோடு நின்றதை நாங்கள் றெஸ்ரோறன்ற் குசினிக்குள் கோப்பை கழுவியபடி கைத்தொலைபேசியில் பார்த்தோம். எங்களில் மூத்த அண்ணர் ஒருவர் சொன்னார்: “உது என்ன பெரிய விசயம்? 88இல எங்கட கடலுக்குப் பக்கத்திலயும் ஒண்டு வந்து நிண்டது. நாங்கள்தான் கவனிக்கேல்லை.”

அவர் சொன்னது ‘சக்ரா’வை. அந்தக் கப்பலின் கதையை எங்களில் பலர் அறியமாட்டோம். ஆனால் அது எங்கள் கதைக்கு மிக அருகால் போன கதை.

சோவியத் யூனியனின் கோர்க்கி நகரில், கடலுக்கு வெகு தூரத்தில், வொல்கா நதிக்கரையில் கட்டப்பட்ட கப்பல் அது. 1967இல் கடற்படையில் சேர்ந்தபோது அதற்குப் பெயர் இல்லை, கே-43 என்ற இலக்கம் மட்டும்தான். அந்த வகைக்கு வைத்த பெயர் ‘ஸ்கற்’. ரஷ்ய மொழியில் திருக்கை மீன். எங்களுக்கோ ஸ்கற் என்றால் சம்பளச் சீட்டில் மாதாமாதம் கழியும் வரி. டேனிஷில் அதே சொல்லுக்குப் புதையல் என்றும் பொருள். அன்பானவரை அழைப்பதும் அதே சொல்லால்தான்.

நீருக்கடியில் இருந்தபடியே குரூஸ் ஏவுகணை ஏவக்கூடிய முதல் நீர்மூழ்கி வகை இது. எட்டு ஏவுகணைகள், ஒரு அணு உலை. உலையின் வெப்பம் நீரை ஆவியாக்கும், ஆவி சுழலியைச் சுழற்றும். இதற்குக் காற்றுத் தேவையில்லை. டீசல் நீர்மூழ்கி பற்றரிக்கு மின்னேற்றக் காற்றுத் தேடி மேலே வரவேண்டும். இதற்கு அந்தக் கட்டாயம் இல்லை. எரிபொருள் வருடக்கணக்கில் நிற்கும், முதலில் முடிவது சாப்பாடுதான். இதைக் கேட்டபோது எங்கள் சமையற்காரர் வாய்விட்டுச் சிரித்தார்: “அப்ப அங்கையும் குசினிதான் பெரிய ஆள்!”

1988 ஜனவரியில் இக்கப்பலை இந்தியா மூன்று வருட வாடகைக்கு எடுத்தது. ஒரு அணுசக்தி நீர்மூழ்கி இன்னொரு நாட்டுக்கு வாடகைக்குப் போனது உலகில் அதுவே முதல் முறை. அணுவாயுதம் ஏற்றக்கூடாது என்பது நிபந்தனை. விஷ்ணுவின் கையிலுள்ள ஆயுதத்தின் பெயரை வைத்தார்கள். கப்ரின் ஆர். என். கணேஷ் தலைமையில் பெப்ரவரியில் விசாகப்பட்டினம் வந்தபோது பிரதமர் ராஜீவ் காந்தியே வரவேற்றார்.

அந்தப் பெப்ரவரியில் எங்கள் ஊர் எப்படி இருந்தது? 1987 ஜூலை ஒப்பந்தத்தோடு வந்த இந்திய இராணுவம் ஒக்ரோபரில் இருந்து புலிகளோடு யுத்தத்தில் இருந்தது. ஊரடங்கு, சோதனை, சாவு. இதற்குள் வங்கக் கடலில் எந்தக் கப்பல் வந்தது என்று யார் பார்த்தார்கள்? சக்ரா எங்கள் பக்கம் வரவும் தேவையில்லை. பாக்குநீரிணையின் ஆழம் பல இடங்களில் பத்து மீற்றரும் இல்லை. அங்கே அதற்கு மறைய இடமில்லை. எங்களுக்கு வந்தவை தரையால் வந்தவை.

அதே வசந்தத்தில் டென்மார்க்கிலும் கப்பல் பற்றித்தான் பேச்சு. சமாதான காலத்தில் தன் மண்ணில் அணுவாயுதம் வேண்டாம் என்பது 1957 முதல் இந்நாட்டின் கொள்கை. வரும் போர்க்கப்பல்களுக்கு அதை எடுத்துச் சொல்லவேண்டும் என்று 1988 ஏப்ரலில் பாராளுமன்றம் தீர்மானித்தது. பிரதமர் போல் ஸ்லூற்றர் அதை ஏற்காமல் மே 10இல் தேர்தல் வைத்தார். ஒரு கப்பலிடம் ஒரு கேள்வி கேட்கலாமா என்பதற்காக ஒரு தேர்தல்! அப்போதுதான் இங்கு வந்திருந்த எங்கள் மூத்தவர்கள் முகாமில் இருந்து இதை வியப்போடு பார்த்திருக்கிறார்கள். ஆனால் 1995இல் இன்னொன்று வெளிவந்தது: அதே 1957இல் பிரதமர் எச். சி. ஹான்சன் கிறீன்லாந்தில் அமெரிக்க அணுவாயுதத்துக்கு ஒரு கடிதத்தில் மௌன சம்மதம் கொடுத்திருந்தார். சனநாயகத்திலும் ஆழக் கடல் உண்டு.

சக்ரா 1991 ஜனவரியில் திரும்பிப் போனது. இந்திய இராணுவம் அதற்கு முன்பே, 1990 மார்ச்சில் எங்கள் ஊரைவிட்டுப் போய்விட்டது. கப்பல் விட்டுச்சென்றது பழகிய கைகளை. அந்த அனுபவம் வீண்போகவில்லை. திருநெல்வேலி விஜயநாராயணத்தில் 1990இல் கட்டபொம்மன் பெயரில் கடற்படை வானொலி நிலையம் திறந்தது. சாதாரண வானொலி அலை கடல்நீருக்குள் இறங்காது. மிக நீண்ட அலைதான் சில மீற்றர் இறங்கும். நீர்மூழ்கி அதைக் கேட்கலாம், அதே வழியால் பதில் சொல்ல முடியாது. கல்பாக்கத்தில் உலையின் மாதிரி ஓடியது. 2009 ஜூலை 26இல் விசாகப்பட்டினத்தில் இந்தியா தானே கட்டிய ‘அரிஹந்த்’ நீரில் இறங்கியது. முள்ளிவாய்க்கால் முடிந்து இரண்டு மாதம். எங்களில் சிலரின் பல்கலைக்கழகப் படிப்பு முறிந்ததும் அந்த வருடம்தான்.

இரண்டாவது சக்ராவும் ரஷ்யாவில் இருந்தே வந்தது. ‘நேர்ப்பா’ என்ற பெயரில் 2008 நவம்பரில் பரீட்சார்த்த ஓட்டத்தின்போது தீயணைப்பு வாயு உள்ளே பரவி 20 பேர் செத்தார்கள். பெரும்பாலானோர் சிவிலியன்கள், கப்பல்கட்டும் தளத்தின் வேலையாட்கள். 2012இல் இந்தியாவுக்கு வந்தது, 2021இல் திரும்பியது. வரவேற்பில் மாலை போட்டவர்களின் படங்கள் கிடைக்கின்றன. அந்த வேலையாட்களின் படங்களைத் தேடித்தான் பார்க்கவேண்டும்.

வல்லரசுகளின் கணக்கில் எங்கள் கடல் ஒரு மூலை. ஆனாலும் அந்தக் கணக்கை நாங்கள் படிக்கவேண்டும். அன்று கவனிக்கவில்லை என்று அண்ணர் சொன்னது குறையாக அல்ல. உயிரோடு இருப்பதே முழுநேர வேலையாக இருந்தது. இன்று இரவு வேலை முடிந்தபின் கொஞ்ச நேரம் கிடைக்கிறது. அதனால்தான் இதை எழுதிவைத்தோம்.